‘டு’வுக்கு முன்னாலா, பின்னாலா? ஆங்கில வினையடைக்கு இடம் பார்ப்பது எப்படி

சில வருடங்களுக்கு முன்பு ஒருவரிடம், கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அதை மற்றவர்களுக்கும் தெரிவிக்க நினைத்து ‘ஐ டிட் நாட் டெல் ஹிம் டு கம்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். படித்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி வேறு: அவரை வரச் சொல்ல நான் மறந்துவிட்டேனாம். அவர்களில் ஒருவர், எனக்கு உதவுவதாக நினைத்து, அவரை அழைத்தே விட்டார். பாவம், அந்த மனிதர் நெடுந்தூரம் பயணம் செய்து வந்து நின்றார். நான் எழுதியிருக்க வேண்டியது ‘ஐ டோல்ட் ஹிம் நாட் டு கம்’. ‘நாட்’ என்ற ஒரு குட்டிச் சொல் உட்கார்ந்த இடம் தப்பு, அவ்வளவுதான்.

அந்த மாதிரிக் குட்டிச் சொற்களுக்கு இடம் பார்ப்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ‘ரியலி’, ‘குவிக்லி’, ‘ஒன்லி’, ‘நெவர்’, ‘நாட்’ போன்றவற்றை ஆங்கிலத்தில் அட்வெர்ப் என்பார்கள், தமிழில் வினையடை. ‘டு கோ’, ‘டு ரீட்’, ‘டு அண்டர்ஸ்டாண்ட்’ போல ‘டு’வும் வினையும் சேர்ந்து வருவது இன்ஃபினிடிவ். தமிழில் ‘போக’, ‘படிக்க’, ‘புரிந்துகொள்ள’ என்று நாம் சொல்லும் செயவென் எச்சம் பெரும்பாலும் இதே வேலையைச் செய்கிறது. இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், காதுக்குப் பழகும். ‘டு’ என்று குறிலாக இருந்தால் வினைக்கு முன்னால் வருவது. ‘டூ’ என்று நெடிலாக இருந்தால் ‘அளவுக்கு மீறி’ என்ற பொருளில் வருவது. பின்னால் இந்த வித்தியாசம் தேவைப்படும்.

முதல் படி: இது எந்த ‘டு’ என்று பாருங்கள்

எல்லா ‘டு’வும் இன்ஃபினிடிவ் இல்லை. ‘ஐ வென்ட் டு ஸ்கூல்’ என்பதில் வரும் ‘டு’ நம்முடைய ‘-க்கு’. அதற்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்பதிலும் அதே ‘-க்கு’தான், அதனால்தான் ‘மீட்’ அங்கே ‘மீட்டிங்’ ஆகிறது. ‘டு’வுக்குப் பின்னால் வினை எந்த ஒட்டும் இல்லாமல் வெறுமையாக நின்றால் மட்டுமே நாம் பேசப்போகும் ‘டு’. இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம், பழகப் பழகத் தானாகத் தெரியும்.

இரண்டாம் படி: இந்த அடை எந்த வினைக்கு?

இதுதான் கட்டுரையின் உயிர். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கிளைகள்.

இன்ஃபினிடிவ் வரும் வாக்கியத்தில் பெரும்பாலும் இரண்டு வினைகள் இருக்கும். ‘ஐ வாண்ட் டு அண்டர்ஸ்டாண்ட்’ என்பதில் விரும்புவது ஒன்று, புரிந்துகொள்வது இன்னொன்று. இப்போது ‘ரியலி’யைச் சேர்க்க வேண்டும். எதோடு சேர்ப்பது?

‘ஐ ரியலி வாண்ட் டு அண்டர்ஸ்டாண்ட்’ என்றால் விருப்பம் உண்மையானது: எனக்குப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ரொம்ப ஆசை. ‘ஐ வாண்ட் டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்’ என்றால் ஆசை சாதாரணம்தான், ஆனால் புரிதல் ஆழமாக இருக்க வேண்டும்: மேலோட்டமாகப் புரிந்தது போதாது, நன்றாகப் புரிய வேண்டும். முதல் வாக்கியத்தில் அடை ஆசைக்கு, இரண்டாவதில் புரிதலுக்கு.

தமிழில் இந்தச் சிக்கல் குறைவு. நம் வினையடை வழக்கமாகத் தன் வினைக்கு முன்னால் நிற்கும். ‘உடனே கிளம்ப முடிவு செய்தான்’ என்றால் கிளம்புவது உடனே. ‘கிளம்ப உடனே முடிவு செய்தான்’ என்றால் முடிவு உடனே. ஆங்கிலத்தில் வினைகளின் வரிசை கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருக்கிறது: முதலில் ‘முடிவு செய்தான்’, அப்புறம்தான் ‘கிளம்ப’. அதோடு, ஆங்கில வினையடை தன் வினைக்கு முன்னாலும் நிற்கலாம், பின்னாலும் நிற்கலாம். ஆகவே இரண்டு வினைகளுக்கு நடுவில் ஓர் அடையை வைத்தால் அது யாருக்குச் சொந்தம் என்று சண்டை வரும்.

‘ஹி டிசைடட் குவிக்லி டு லீவ்’. வேகமாக முடிவெடுத்தானா, வேகமாகக் கிளம்பினானா? முடிவுதான் வேகம் என்று பலர் படிப்பார்கள், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. இப்படி இரண்டு பக்கமும் பார்க்கும் அடைக்கு ஆங்கில இலக்கணக்காரர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘மாறுகண் அடை’. நல்ல பெயர்தான். மாறுகண்ணைச் சரிசெய்ய, அடையை நடுவிலிருந்து எடுத்து ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிட வேண்டும்:

‘ஹி குவிக்லி டிசைடட் டு லீவ்’: முடிவு வேகம்.
‘ஹி டிசைடட் டு லீவ் குவிக்லி’: கிளம்புவது வேகம்.

‘நேற்று’, ‘நாளை’ போன்ற காலச் சொற்களிலும் இதே வம்பு உண்டு. ‘ஷி டோல்ட் மி டு கால் ஹெர் எஸ்டர்டே’ என்று எழுதினால், அழைக்க வேண்டிய நாள் நேற்றா, சொன்ன நாள் நேற்றா என்று படிப்பவர் ஒரு நொடி நிற்பார். சொன்னதுதான் நேற்று என்றால் ‘எஸ்டர்டே’யைத் தூக்கி வாக்கியத்தின் தலையில் வையுங்கள்: ‘எஸ்டர்டே ஷி டோல்ட் மி டு கால் ஹெர்’. முதல் வினைக்குரிய காலச் சொல்லுக்கு வாக்கியத்தின் தலைப்பக்கம் பாதுகாப்பான இடம்.

மூன்றாம் படி: மூன்று நாற்காலிகள், ஒரு தடை

இன்ஃபினிடிவின் வினைக்குத்தான் அடை என்று முடிவாகிவிட்டது. சரி, அதை எங்கே வைப்பது? மூன்று இடங்கள் இருக்கின்றன.

‘டு’வுக்கு முன்னால்: ‘ஷி ட்ரைட் நாட் டு லாஃப்’.
‘டு’வுக்கும் வினைக்கும் நடுவில்: ‘ஐ வாண்ட் டு ஃபுல்லி அண்டர்ஸ்டாண்ட் திஸ்’.
கடைசியில்: ‘ஐ வாண்ட் டு ரீட் திஸ் கேர்ஃபுல்லி’.

எப்படிச் செய்கிறோம் என்பதைச் சொல்லும் அடைகளுக்கு, அதாவது மெதுவாக, கவனமாக, சத்தமாக போன்றவற்றுக்கு, கடைசி நாற்காலிதான் இயல்பானது. ‘டு ஸ்பீக் ஸ்லோலி’, ‘டு ஓபன் த டோர் கேர்ஃபுல்லி’. ‘முழுமையாக’, ‘உண்மையில்’, ‘கிட்டத்தட்ட’ என்று அளவையோ அழுத்தத்தையோ காட்டும் அடைகள் வினைக்குப் பக்கத்தில், அதன் முன்னால் இருக்க விரும்பும்: ‘டு கம்ப்ளீட்லி ஃபர்கெட்’, ‘டு ரியலி ஹெல்ப்’. ‘இல்லை’, ‘மட்டும்’, ‘கூட’ வகைச் சொற்கள் பெரும்பாலும் ‘டு’வுக்கு முன்னால்.

தடை ஒன்றே ஒன்று. வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் அடையை வைக்காதீர்கள். ‘ஐ வாண்ட் டு லேர்ன் குவிக்லி இங்கிலீஷ்’ என்பது தப்பு. ‘டு லேர்ன் இங்கிலீஷ் குவிக்லி’ என்றோ ‘டு குவிக்லி லேர்ன் இங்கிலீஷ்’ என்றோ சொல்லலாம். ஆங்கிலத்தில் வினையும் அதன் பொருளும் கைகோத்துக்கொண்டு போகிறவை, நடுவில் யாரையும் விடாது. தமிழில் ‘ஆங்கிலத்தை வேகமாகக் கற்க’ என்று அடையை நடுவில் வைப்பதுதான் நமக்கு இயல்பு; அந்தப் பழக்கம்தான் நம்மை இங்கே இடறிவிடுகிறது. செயப்படுபொருள் ரொம்ப நீளமாக இருந்தால் மட்டும் இந்தத் தடை தளரும்.

நடுவில் வைத்தால் குற்றமா?

இரண்டாவது நாற்காலியைப் பற்றி ஒரு பழைய வழக்கு இருக்கிறது. நீங்கள் ‘டு கிளியர்லி எக்ஸ்ப்ளெய்ன்’ என்று எழுதினால் யாராவது சிவப்பு மையால் வட்டம் போடலாம். எனக்குப் போட்டிருக்கிறார்கள். ‘டு’வையும் வினையையும் பிரிக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். இப்படிப் பிரிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்ப்ளிட் இன்ஃபினிடிவ்’ என்று பெயர், பிளந்த இன்ஃபினிடிவ்.

உண்மையில் இந்தப் பழக்கம் மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்துகளிலேயே உண்டு. அதன் மீதான கோபம்தான் புதியது, 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. 1864இல் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்தின் டீனாக, அதாவது தலைமைக் குருவாக, இருந்த ஹென்றி ஆல்ஃபர்ட், ஆங்கிலம் பேசுகிறவர்களும் எழுதுகிறவர்களும் அறியாத வழக்கம் இது என்று எழுதினார். பேச்சில் மக்கள் அதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். லத்தீனில் இன்ஃபினிடிவ் ஒரே சொல், அதைப் பிளக்க முடியாது, எனவே ஆங்கிலத்திலும் பிளக்கக் கூடாது என்று ஒரு காரணம் வழக்கமாகச் சொல்லப்படும். அப்படிப் பார்த்தால் நம் ‘செய்ய’வும் ஒரே சொல்தான், பிளக்க முடியாது. அதற்காக ஆங்கிலத்துக்கு நாம் சட்டம் போட முடியுமா?

ஆங்கில அகராதி ஆசிரியர் ஹென்றி ஃபௌலர் 1926இல் வெளியிட்ட தன் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில், இந்த விஷயத்தில் ஆங்கிலம் பேசும் உலகத்தை ஐந்து கூட்டமாகப் பிரித்தார். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், கவலையும் படாமல் இருப்பவர்கள்தான் முதல் கூட்டம். பெரும்பான்மையினர் அவர்கள்தான், பொறாமைப்பட வேண்டிய பாக்கியசாலிகள் என்றார். ‘தி எகனாமிஸ்ட்’ இதழின் நடைக் கையேடு இன்னும் வேடிக்கை. இந்தத் தடைக்கு அர்த்தமே இல்லை, ஆனால் மீறினால் பலருக்கு எரிச்சல் வருகிறது, ஆகவே கடைப்பிடியுங்கள் என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தது. 2018இல்தான் அதைத் தளர்த்தியது.

அடையை நகர்த்தும் இந்தப் பயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை. 2009 ஜனவரி 20 அன்று பராக் ஒபாமா பதவியேற்றபோது, உறுதிமொழியைச் சொல்லிக்கொடுத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஒரு சொல்லை இடம் மாற்றிவிட்டார். அரசியல் சட்டத்தில் இருப்பது ‘ஐ வில் ஃபெய்த்ஃபுல்லி எக்ஸிக்யூட்’. அவர் ‘ஃபெய்த்ஃபுல்லி’யை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிச் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் உறுதிமொழியை இன்னொரு முறை எடுத்தார்கள். வினைத்தொடருக்கு நடுவில் அடை வரக் கூடாது என்ற பழைய பாடம் ராபர்ட்ஸின் மனதில் ஊறியிருந்ததால் வந்த வினை இது என்று மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் அப்போது எழுதினார். இந்த வாக்கியத்தில் ‘டு’வே இல்லை என்பதைக் கவனியுங்கள், ‘வில்’லுக்குப் பின்னால் வரும் வெறும் வினைக்குக்கூட அந்தப் பயம் தாவியிருக்கிறது.

என் ஆலோசனை இது. பேச்சில் தயங்காமல் பிளக்கலாம். எழுத்தில், பிளந்தால்தான் பொருள் தெளிவாகும் என்றால் பிளந்துவிடுங்கள். ‘த நம்பர் இஸ் எக்ஸ்பெக்டட் டு மோர் தேன் டபுள்’, அதாவது எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேலே போகும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. இதில் ‘மோர் தேன்’ என்பதை வேறு எங்கே கொண்டுபோய் வைத்தாலும் வாக்கியம் உடையும். வேலைக்கு விண்ணப்பம், தேர்வுத்தாள் போன்றவற்றில், கடைசி நாற்காலியில் வைத்தாலும் பொருள் மாறாது என்றால் அங்கேயே வையுங்கள். படிப்பவர் சிவப்புப் பேனாக்காரராக இருக்கலாம். அவரோடு சண்டை போட்டு நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நடுவில் ஒரே ஒரு சொல் வைத்தால் காதுக்கு இடறாது. ‘டு வெரி ஸ்லோலி அண்ட் கேர்ஃபுல்லி ஓபன்’ என்று ஊர்வலமே விட்டால் ‘டு’ எங்கே போயிற்று என்று கேட்பவர் தேடுவார்.

நான்காம் படி: ‘நாட்’, ‘நெவர்’

தொடக்கத்தில் சொன்ன என் தவறு இங்கேதான் வருகிறது. தமிழில் இரண்டு வகை எதிர்மறையை நாம் நன்றாகப் பிரிக்கிறோம்: ‘சிரிக்க முயலவில்லை’ வேறு, ‘சிரிக்காமல் இருக்க முயன்றேன்’ வேறு. ஆங்கிலத்தில் அந்த ‘சிரிக்காமல் இருக்க’ என்பதுதான் ‘நாட் டு லாஃப்’.

‘ஐ டிட்ன்ட் ட்ரை டு லாஃப்’: சிரிக்க முயலவில்லை.
‘ஐ ட்ரைட் நாட் டு லாஃப்’: சிரிக்காமல் இருக்க முயன்றேன்.

‘நெவர்’ போட்டுப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாகும். ‘ஹி ப்ராமிஸ்ட் நெவர் டு கம் பேக்’ என்றால் இனி ஒருபோதும் திரும்பி வரமாட்டேன் என்று சத்தியம் செய்தான். ‘ஹி நெவர் ப்ராமிஸ்ட் டு கம் பேக்’ என்றால் திரும்பி வருவேன் என்று அவன் சொல்லவே இல்லை. ஒருவன் போய்விட்டான், இன்னொருவன் வந்தாலும் வரலாம்.

புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் ஒரு தவறு ‘ஹி டோல்ட் மி டு டோன்ட் கோ’. இது எங்கும் செல்லாது. ‘டு’வுக்குப் பக்கத்தில் ‘டோன்ட்’ வரவே வராது, ‘நாட் டு கோ’தான். ‘டு நாட் கோ’ என்று சிலர் சொல்வதைக் கேட்பீர்கள். பேச்சில் அது புழக்கத்தில் இருக்கிறது, அழுத்தத்துக்குப் பயன்படுகிறது. ஆனால் எழுத்தில் ‘நாட் டு’ என்பதே பாதுகாப்பு.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். ‘வாண்ட்’ போன்ற சில வினைகளில் ‘நாட்’ முன்பக்கம் ஏறிக்கொள்ளும். ‘எனக்குப் போக வேண்டாம்’ என்பதற்கு ‘ஐ டோன்ட் வாண்ட் டு கோ’ என்பதுதான் இயல்பு; ‘ஐ வாண்ட் நாட் டு கோ’ என்று யாரும் பேசுவதில்லை. ‘ஸீம்’ என்ற வினையும் அப்படியே: ‘ஹி டஸ்ன்ட் ஸீம் டு நோ’, அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. ‘டோன்ட் ஹேவ் டு’ என்பதைத் தனியாக மனதில் வையுங்கள். ‘யூ டோன்ட் ஹேவ் டு கோ’ என்றால் போகத் தேவையில்லை என்று பொருள். போகக் கூடாது என்று பொருள் இல்லை. அதற்கு ‘யூ மஸ்ட் நாட் கோ’.

ஐந்தாம் படி: ‘-தான்’, ‘-கூட’, ‘சும்மா’

நம் மொழியில் ‘-தான்’ ஒரு மந்திரக்கோல். எந்தச் சொல்லில் ஒட்டுகிறதோ அங்கே அழுத்தம் விழும். ஆங்கிலத்தில் ஒட்டு கிடையாது, இடம்தான் உண்டு. ‘உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்’ என்பதை ‘ஐ கேம் டு ஸீ யூ ஒன்லி’ என்று நம்மில் பலர் சொல்வோம். தமிழ் காதுக்குச் சரியாகப் படும். ஆனால் மற்றவர்களுக்கு அது ‘உன்னை மட்டும்தான், வேறு யாரையும் இல்லை’ என்று கேட்கும். நோக்கத்தை அழுத்த வேண்டுமென்றால் ‘ஒன்லி’யை ‘டு’வுக்கு முன்னால் வையுங்கள்: ‘ஐ கேம் ஒன்லி டு ஸீ யூ’. பேச்சில் ‘ஐ ஒன்லி கேம் டு ஸீ யூ’ என்பதும் வழக்கம். ‘ஜஸ்ட்’ போட்டால் இன்னும் மென்மை: ‘ஐ கேம் ஜஸ்ட் டு ஸீ யூ’, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

இதே ‘ஒன்லி டு’வுக்கு இன்னொரு முகம் உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. ‘ஹி ரேன் டு த ஸ்டேஷன், ஒன்லி டு ஃபைண்ட் தட் த ட்ரெயின் ஹாட் லெஃப்ட்.’ ‘ரயில் போய்விட்டது என்று கண்டுபிடிக்க மட்டுமே ஓடினான்’ என்று மொழிபெயர்த்தால் சிரிப்பு வரும். இங்கே நோக்கமே இல்லை, ஏமாற்றம்தான் இருக்கிறது. தமிழில் ‘ஓடிப் போய்ப் பார்த்தால், ரயில் கிளம்பிவிட்டிருந்தது’ என்போம். நம் ‘போய்ப் பார்த்தால்’ எந்தச் சலிப்போடு வருகிறதோ, அதே சலிப்பு அந்த ‘ஒன்லி டு’வில் இருக்கிறது. முன்னால் ஒரு காற்புள்ளி இருந்து, பின்னால் ‘ஃபைண்ட்’, ‘டிஸ்கவர்’, ‘லேர்ன்’ போன்ற வினை வந்தால் பெரும்பாலும் இந்த ஏமாற்ற வகைதான்.

‘-கூட’வுக்கு ‘ஈவன்’. ‘ஹி வாஸ் அஃப்ரெய்ட் ஈவன் டு ஓபன் த டோர்’, கதவைத் திறக்கக்கூடப் பயந்தான். ‘அஃப்ரெய்ட் டு ஈவன் ஓபன்’ என்று பேச்சில் பிளந்தும் சொல்வார்கள், தப்பில்லை.

ஆறாம் படி: ‘டூ… டு’வும் ‘இனஃப் டு’வும்

‘டூ’ என்பதை ‘ரொம்ப’ என்று பொருள்கொண்டு ‘டூ குட்’ என்று பாராட்டும் பழக்கம் நமக்கு இருக்கிறது. நண்பர்களுக்குள் பரவாயில்லை. ஆனால் பின்னால் ‘டு’ வந்துவிட்டால் கவனம் தேவை, ஏனென்றால் அங்கே ஓர் ‘இல்லை’ ஒளிந்திருக்கிறது. ‘த பாக்ஸ் இஸ் டூ ஹெவி டு லிஃப்ட்’: பெட்டி தூக்க முடியாத அளவுக்குக் கனம். ‘நாட்’ எங்கும் இல்லை, ஆனாலும் ‘முடியாது’ என்பது உள்ளே இருக்கிறது. வாக்கியத்தின் கடைசியில் ‘இட்’ சேர்த்து ‘டு லிஃப்ட் இட்’ என்று சொல்ல வேண்டாம். பெட்டி தொடக்கத்திலேயே வந்துவிட்டது. யாரால் முடியாது என்று சொல்ல வேண்டுமானால் ‘டூ ஹெவி ஃபார் மி டு லிஃப்ட்’.

‘டூ’வுக்கு முன்னால் ‘நாட்’ வந்தால் கதவு திறந்துவிடும்: ‘இட் இஸ் நாட் டூ லேட் டு அப்ளை’, இன்னும் நேரம் இருக்கிறது, விண்ணப்பிக்கலாம். ‘ஒன்லி டூ ஹேப்பி டு ஹெல்ப்’ என்பது ஒரு குறும்பு. விதிப்படி பார்த்தால் ‘உதவ முடியாத அளவுக்கு மகிழ்ச்சி’ என்று வர வேண்டும். ஆனால் பொருள் நேர் எதிர்: மிகவும் சந்தோஷமாக உதவுகிறேன். ஏன் என்று கேட்காதீர்கள், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

‘இனஃப்’ தன் சொல்லுக்குப் பின்னால் வரும்: ‘ஷி ஸ்போக் ஸ்லோலி இனஃப் ஃபார் அஸ் டு ஃபாலோ’, எங்களுக்குப் புரியும் அளவுக்கு மெதுவாகப் பேசினாள். ‘இனஃப் ஸ்லோலி’ என்று திருப்பக் கூடாது. பெயர்ச்சொல் என்றால் முன்னால் வரும்: ‘இனஃப் டைம் டு ரீட்’.

ஏழாம் படி: ‘தெரியும்’ என்றால் ‘ஹவ்’ வேண்டும்

‘எனக்கு நீந்தத் தெரியும்.’ இதை அப்படியே மாற்றி ‘ஐ நோ டு ஸ்விம்’ என்று சொல்லாத தமிழர் குறைவு. ஆங்கிலத்தில் ‘நோ’வுக்கும் ‘டு’வுக்கும் நடுவில் ‘ஹவ்’ வந்தே ஆக வேண்டும்: ‘ஐ நோ ஹவ் டு ஸ்விம்’. அல்லது எளிமையாக ‘ஐ கேன் ஸ்விம்’. ‘லேர்ன்’ மட்டும் தாராளம்: ‘லேர்ன் டு ஸ்விம்’ என்றாலும் சரி, ‘லேர்ன் ஹவ் டு ஸ்விம்’ என்றாலும் சரி. ‘வேர் டு’, ‘வென் டு’, ‘வாட் டு’ எல்லாம் இதே மாதிரி வரும். ‘ஒய் டு’ மட்டும் இந்த இடத்தில் வராது. ‘ஏன் போக வேண்டும் என்று தெரியவில்லை’ என்பதற்கு ‘ஐ டோன்ட் நோ ஒய் ஐ ஷுட் கோ’.

இந்தக் கூட்டத்தில் இன்னோர் அடையைச் சேர்க்க வேண்டுமென்றால் கேள்விச் சொல்லுக்குப் பக்கத்தில்: ‘எக்ஸாக்ட்லி வேர் டு ஸ்டார்ட்’, சரியாக எங்கே தொடங்குவது, ‘ஹவ் பெஸ்ட் டு எக்ஸ்ப்ளெய்ன்’, எப்படி விளக்கினால் நன்றாக இருக்கும்.

நேரடிக் கேள்வியில் ‘ஹவ் டு’ நிற்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஹவ் டு ஓபன் திஸ்?’ என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்பது தப்பு. ‘ஹவ் டு ஐ ஓபன் திஸ்?’ என்று கேட்க வேண்டும். இங்கே இரண்டாவதாக வரும் ‘டு’ நம்ம ‘டு’ இல்லை, ‘செய்’ என்று பொருள்படும் துணைவினை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவது இந்தக் கட்டுரையின் ஒரே வசதிக்குறைவு. தலைப்பாக எழுதும்போது மட்டும் ‘ஹவ் டு ஓபன் திஸ்’ என்று, கேள்விக்குறி இல்லாமல், வைக்கலாம்.

சில்லறை

‘ஐ ஹேவ் யெட் டு ரீட் இட்’: இன்னும் படிக்கவில்லை. ‘நாட்’ சேர்க்காதீர்கள், ‘யெட் டு’வே அந்த வேலையைச் செய்துவிடும்.

‘ஐ வாஸ் ஜஸ்ட் அபவுட் டு கால் யூ’: இப்போதுதான் உங்களை அழைக்கப் போனேன்.

‘ஷி க்ளோஸ்ட் த டோர் க்வயட்லி ஸோ ஆஸ் நாட் டு வேக் ஹிம்’: அவன் விழித்துவிடக் கூடாதென்று கதவைச் சத்தமில்லாமல் மூடினாள். ‘நாட்’ நிற்பது ‘ஆஸ்’ஸுக்கும் ‘டு’வுக்கும் நடுவில்.

‘டு பி ஆனஸ்ட்’, ‘டு பிகின் வித்’ போன்றவை முழு வாக்கியத்துக்கும் அடையாக முன்னால் வந்து ஒரு காற்புள்ளியோடு நிற்கும். ‘டு புட் இட் சிம்ப்ளி’, அதாவது எளிமையாகச் சொன்னால், என்பதில் மூன்றாம் படியின் தடை அப்படியே இருக்கிறது; ‘டு புட் சிம்ப்ளி இட்’ என்று யாரும் சொல்வதில்லை.

பயிற்சி

நீங்கள் அண்மையில் ஆங்கிலத்தில் எழுதிய ஐந்து செய்திகளை எடுங்கள். ‘டு’ வரும் இடங்களில் கோடிடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வினைகளைக் கண்டுபிடித்து, அடை எதற்குச் சொந்தம் என்று தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். தமிழில் சொல்லும்போது அடை தானாகத் தன் வினைக்கு முன்னால் போய் நிற்கும். உங்களுக்கு விடை கிடைத்துவிடும். அப்புறம் அந்த விடைக்கு ஏற்றபடி ஆங்கில அடையை நகர்த்துங்கள். கடைசியாக, வாய்விட்டுப் படியுங்கள். இயல்பான பேச்சில் ‘டு’ மிக லேசாக, காதில் விழுந்தும் விழாமலும் போகும். அழுத்தம் அடையிலும் வினையிலும் விழும். ‘டு’வில் அழுத்தம் விழும்படி நீங்கள் படித்தால், பெரும்பாலும் அடை தவறான இடத்தில் இருக்கிறது, இல்லையென்றால் அளவுக்கு மீறி நீளம்.

கைக்கு மூன்று வாக்கியங்கள் தருகிறேன். ‘ஷி ஆஸ்க்ட் மி பொலைட்லி டு லீவ்.’ ‘ஐ ஃபர்காட் கம்ப்ளீட்லி டு லாக் த டோர்.’ ‘ஹி அக்ரீட் டு மீட் அஸ் ஆன் மண்டே.’ முதலாவதில் கேட்டது மரியாதையாகவா, கிளம்ப வேண்டியது மரியாதையாகவா என்ற மாறுகண் இருக்கிறது; ‘ஷி பொலைட்லி ஆஸ்க்ட் மி டு லீவ்’ என்றால் தீர்ந்தது. இரண்டாவதில் ‘கம்ப்ளீட்லி’யை ‘ஃபர்காட்’டுக்கு முன்னால் கொண்டுவாருங்கள், மறந்ததுதானே முழுமையாக, நடுவிலேயே விட்டாலும் புரிந்துவிடும், ஏனென்றால் யாரும் கதவை ‘முழுமையாக’ப் பூட்ட மறப்பதில்லை. மூன்றாவதில் ஒப்புக்கொண்ட நாள் திங்களா, சந்திக்கும் நாள் திங்களா? சந்திப்புதான் திங்கள் என்றால் வாக்கியத்தைத் தொட வேண்டாம். ஒப்புக்கொண்டதுதான் திங்கள் என்றால் ‘ஆன் மண்டே’ தலைக்குப் போக வேண்டும்.